அப்பாவின் பிசியோவுக்கு வீடியோ காலும் விஆர் ஹெட்செட்டும்: தோட்டத்து வீட்டில் எப்படி அமைப்பது?

சிப்புட்_மகள்

வணக்கம். அப்பாவுக்கு வயது 63. ஸ்ட்ரோக் வந்து ஐந்து மாதம். இடது பக்கம் பலவீனம். நான்கு கால் கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். இடது கையைத் தோள் மட்டத்துக்குத் தூக்க வராது. விரல்கள் மடங்கியே இருக்கின்றன, தானாக விரிக்க முடியவில்லை. தோள் மூட்டு ஒரு விரல் அகலம் இறங்கியிருக்கிறது என்று ஈப்போவில் சொன்னார்கள். மாதம் ஒருமுறை நேரில் போகிறோம். இடையில் வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம் வீடியோ காலில் பார்க்க பிசியோ சம்மதித்திருக்கிறார்.

வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே, செம்பனைத் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு). முன் அறை 10க்கு 12 அடி. தகரக் கூரை, மேலே காற்றாடி. ஃபைபர் இல்லை, 4ஜி, அதுவும் இரண்டு கோடு. பகலில் அப்பாவோடு அம்மா மட்டும்தான். கைப்பேசி ஒன்று, பழைய டேப்லெட் ஒன்று இருக்கிறது. உறவினர் ஒருவர் தன் குவெஸ்ட் 2 ஹெட்செட்டை (கண்ணை மூடி மாட்டினால் மெய்நிகர் உலகம் தெரியும் விஆர் கருவி) இரவல் தருவதாகச் சொல்கிறார்.

கேமராவை எங்கே வைப்பது? இந்த லைன் தாங்குமா? ஹெட்செட் அப்பாவுக்கு ஆகுமா, ஆகாதா?

---

பிசியோ_பேராக்

ஹெட்செட் கடைசியில் வரட்டும். முதலில் கேமரா. வீடியோவில் பிசியோ தொட்டுப் பார்க்க முடியாது, கண் ஒன்றுதான் அவருக்குக் கை. அந்தக் கண்ணை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி சிகிச்சை இருக்கிறது.

கைப்பேசியை நெட்டாக நிறுத்தினால் 2 மீட்டர் தள்ளி நிற்பவர் தலை முதல் பாதம் வரை தெரிவார். படுக்கையாக வைத்தால் அதற்கு 3 மீட்டர் வேண்டும். உங்கள் அறை 3 மீட்டருக்கு 3.6, அதனால் நிற்கும் பயிற்சிக்கு நெட்டாக, நாற்காலிப் பயிற்சிக்குப் படுக்கையாக வையுங்கள். உயரம் இடுப்பு மட்டம், சுமார் 80 செ.மீ. மேசைமேல் பால் டின்னில் சாய்த்து வைத்தால் லென்ஸ் மேல்நோக்கிப் பார்க்கும், முழங்கால் மடங்குகிற அளவு பொய்யாகத் தெரியும். சின்ன முக்காலி ஒன்று வாங்கிவிடுங்கள்.

கதவோ ஜன்னலோ அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வரக்கூடாது. வந்தால் ஆள் கறுப்பு நிழலாகிவிடுவார். வெளிச்சம் கேமராவின் பின்னாலிருந்து வரட்டும்.

கோணம் ஒன்று போதாது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும்போது முன்பக்கமிருந்து பார்த்தால்தான் வலது காலிலேயே பாரம் போட்டு எழுகிறாரா என்பது தெரியும். முதுகு எவ்வளவு முன்னால் சாய்கிறது என்பது பக்கவாட்டில்தான் தெரியும். கைப் பயிற்சிக்கு இடப்பக்க முன்மூலை, 45 பாகை. இந்த மூன்று இடத்துக்கும் தரையில் வண்ணப் பிசின் நாடா ஒட்டி 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள். பிசியோ "இரண்டு" என்றால் அம்மா முக்காலியை அங்கே நகர்த்துவார். கைலியை மடித்துக் கட்டுவதைவிட அரைக்கால் சட்டை நல்லது, முழங்கால் தெரிய வேண்டும். தோள் எலும்பு முனை, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஐந்திலும் சின்ன நாடாத் துண்டு ஒட்டினால் படம் மங்கினாலும் கோணத்தைப் பிடித்துவிடலாம்.

நாற்காலி: கை வைத்தது, சக்கரம் இல்லாதது, பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். பின்னங்கால்கள் சுவரில் முட்டியிருக்க வேண்டும். இருக்கை உயரம் 45 செ.மீ.; எழ முடியவில்லையென்றால் கீழே பலகை கொடுத்து 50 ஆக்குங்கள், பழகியபின் எடுத்துவிடலாம். பாதத்தைப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேல் வரும்வரை குனிந்து எழுவது. 8 முறை, மூன்று சுற்று, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. இதை உங்கள் பிசியோ கூட்டிக் குறைப்பார்.

அம்மா நிற்க வேண்டிய இடம் அப்பாவின் இடப்பக்கம், அரை அடி பின்னால். பிடி இடுப்பு வாரில்தான். இடது கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதோ, அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதோ கூடவே கூடாது; இறங்கியிருக்கும் தோள் அதில்தான் கெடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது அந்த முன்கைக்குக் கீழே தலையணை.

வீடியோ கால் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வைத்து இரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லுங்கள். எந்த எண்ணுக்கு மேல் பயிற்சி வேண்டாம் என்று பிசியோவிடம் எழுதி வாங்குங்கள். 180/110ஐத் தாண்டினால் பொதுவாக அன்றைக்குப் பயிற்சி கிடையாது. வீட்டு முகவரியும் தோட்டத்துக்குள் வருகிற வழியும் பிசியோவிடம் எழுத்தில் இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் எந்தப் பிரிவு லயம் என்று தேடிக்கொண்டிருக்கக்கூடாது. முகம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ மணி பார்த்துக் குறித்துக்கொண்டு 999ஐ அழையுங்கள். இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவான கெடு நாலரை மணி நேரம், அதனால் தொடங்கிய மணி முக்கியம்.

இன்னொரு விதி. படம் உறைந்தால் அப்பா உட்கார வேண்டும். நின்றபடி "ஹலோ, கேக்குதா?" என்று திரையை எட்டிப் பார்க்கிற நேரத்தில்தான் ஆள் விழுகிறார்.

மலேசியாவில் பிசியோ 774ஆம் சட்டத்தின்கீழ், அதாவது 2016இன் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். ஆன்லைனில் வேறு யாரையும் பார்ப்பதாயிருந்தால் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

---

கம்பிக்காரன்

லைன் கேள்விக்கு நான். இரண்டு கோடா மூணு கோடா என்று பார்க்காதீங்க. கோடு சிக்னல் பலத்தைத்தான் காட்டும், கோபுரத்தில எத்தனை பேர் தொங்கிக்கிட்டு இருக்காங்கன்னு காட்டாது. வேகச் சோதனை போட்டு ஏற்ற (அப்லோட்) வேகத்தைப் பாருங்க, இறக்கம் (டவுன்லோட்) இல்ல. அப்பா படம் இங்கேர்ந்துதானே போகணும். 720பி படத்துக்கு 1.5 எம்பிபிஎஸ் (டாக்டர் பட்டம் இல்ல, நொடிக்கு மெகாபிட்!) ஏற்றம் நிலையா கிடைச்சா போதும். 0.6 வரை இறங்கினாலும் ஓடும், ஆனா கால்விரல் அசையறது தெரியாது. காலை 9, மதியம் 2, ராத்திரி 8ன்னு மூணு வேளை, மூணு நாள் சோதிச்சு எழுதி வைங்க. ராத்திரி எல்லாரும் வீடியோ பார்க்கிற நேரம், அநேகமா அதுதான் மோசமா இருக்கும். மதியம் தகரக் கூரைக்குக் கீழ கைப்பேசி சூடாகித் திரை மங்கும், சில சமயம் வீடியோ காலே அறுந்துடும். காலை 9 மணியை வாங்கிடுங்க.

டேட்டா: 720பி-க்கு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. வாரம் ஒரு மணி நேரம்னா மாதம் நாலரை ஜிபி ஒதுக்கி வைங்க.

தகரம் சிக்னலை மறைக்கும். சிம் அட்டை போட்ட சின்ன 4ஜி ரௌட்டரைக் கோபுரம் இருக்கிற திசை ஜன்னல்ல, தலை உயரத்தில வைங்க. கைப்பேசி அதோட வைஃபையைப் பிடிக்கட்டும். ரௌட்டரோட பக்கத்தில சிக்னல் பலத்தை டிபிஎம்ங்கற அளவில காட்டும். மைனஸ் 110ன்னா கஷ்டம், மைனஸ் 95க்கு வந்தா நிம்மதி. ஜன்னல் மாத்தியும் வரலைன்னா, வெளி ஆன்டெனா மாட்டற துளை உள்ள ரௌட்டரா பார்த்து வாங்கி, ஆன்டெனாவைக் கூரைக்கு மேல மூங்கில்ல கட்டுங்க. வயர் 5 மீட்டருக்குள்ள இருக்கணும், நீளம் கூடக்கூட ஆன்டெனா பிடிச்சதை வயரே தின்னுடும். சாயந்தரம் இடி இடிச்சா பிளக்கைப் பிடுங்கிடுங்க. நம்ம பக்கத்து இடி தெரியும்தானே.

சத்தத்தில ஒரு சூட்சுமம். வீடியோ கால் ஆப்புங்க கைதட்டல், தாளம் எல்லாத்தையும் இரைச்சல்னு நினைச்சு வடிகட்டிடும். பிசியோ அங்கேர்ந்து தட்டினா இங்க பாதிதான் கேக்கும். தாமதம் வேற. அதனால எண்ணறதும் தாளம் போடறதும் உங்க பக்கம்தான் நடக்கணும். அம்மா எண்ணட்டும்.

கைப்பேசி, டேப்லெட் ரெண்டையும் வீடியோ காலில போட்டா ஒண்ணில மைக்கையும் ஸ்பீக்கரையும் அடைச்சிடுங்க, இல்லைன்னா ஊளையிடும். கைப்பேசியோட பின்கேமரா அப்பாவைப் பார்க்கட்டும், டேப்லெட்டில அப்பா பிசியோவைப் பார்க்கட்டும்.

---

பிசியோ_பேராக்

அண்ணன் சொன்ன தாமதத்தோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தன் படத்தைத் திரையில் பார்க்கும்போது அது கண்ணாடி மாதிரி இடவலம் மாறித் தெரியும், பிசியோவுக்கு மாறாமல் தெரியும். "இடது" "வலது" என்றால் அப்பா குழம்புவார். "ஜன்னல் பக்கம்", "கடிகாரம் கட்டின கை" என்று பேசச் சொல்லுங்கள். தன் படத்தை மறைத்துவிட்டால் இன்னும் நல்லது.

நடை மட்டும் நேரலையில் சரியாகப் பிடிபடாது. அஞ்சடியிலோ (வீட்டு முன் நடைபாதை) வாசலிலோ 3 மீட்டர் கோடு போட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து போய்த் திரும்பி உட்காரும் வரை கைப்பேசியிலேயே படம் பிடித்து அனுப்புங்கள். வாட்சாப்பில் சாதாரண வீடியோவாகப் போட்டால் நசுக்கிவிடும், 'டாக்குமென்ட்' என்று இணையுங்கள். மாதம் ஒன்று போதும், அதே நாற்காலி, அதே கைத்தடி, அதே செருப்பு.

---

ஓடி_கைப்பயிற்சி

ஹெட்செட் பற்றி. சிப்புட் மகளே, முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை: ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வலிப்பு வந்ததா? நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா? இடப்பக்கப் பார்வை பாதி போயிருக்கிறதா? தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே மிச்சமாகிறது, கதவு நிலையில் இடது தோள் இடிக்கிறது என்றால் மூளை அந்தப் பக்கத்தைக் கவனிப்பதில்லை. அப்படிப்பட்டவருக்கு ஹெட்செட் மாட்டினால் இடப்பக்கம் வருகிற பொருளெல்லாம் தப்பிப்போகும், எரிச்சல்தான் மிஞ்சும். அதை மருந்தாக்கவும் வழியுண்டு, ஆனால் பிசியோவோ ஓடியோ (என்னைப் போன்ற தொழில்வழிச் சிகிச்சையாளர்) பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும். தலைசுற்றல், வலிப்பு, பேஸ்மேக்கர் இதில் ஒன்று இருந்தாலும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை மாட்டாதீர்கள்.

ஆகும் என்றால் எதற்கு ஆகும்? எண்ணிக்கைக்கு. 2009இல் அமெரிக்காவில் ஸ்ட்ரோக் பயிற்சி அமர்வுகளைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள்: ஓர் அமர்வில் கைக்கு உபயோகமான அசைவு சராசரி 32தான். விலங்குச் சோதனைகளில் மூளை மாறுவதற்கு நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டது. 32ஐ 150 ஆக்க விளையாட்டு உதவும், அவ்வளவே. ஹெட்செட்டில் தனி மந்திரம் ஏதுமில்லை. 2016இல் வெளிவந்த எவ்ரெஸ்ட் ஆய்வில் 141 ஸ்ட்ரோக் நோயாளிகளில் ஒரு பாதிக்கு நின்டெண்டோவின் 'வீ' கருவியில் வீடியோ விளையாட்டு, இன்னொரு பாதிக்குச் சீட்டு, பந்து மாதிரிச் சாதாரண விளையாட்டு கொடுத்தார்கள்; கையின் முன்னேற்றம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 2017இல் மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் கோக்ரேன் அமைப்பு 72 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக விஆர் கொடுத்ததில் கைக்குக் கூடுதல் லாபம் தெரியவில்லை. வழக்கமான பயிற்சியோடு சேர்த்து நேரத்தைக் கூட்டியபோதுதான் லாபம் தெரிந்தது. ஆக அரை மணி வீடியோ பயிற்சியைக் குறைத்துவிட்டு ஹெட்செட் மாட்டாதீர்கள். பயிற்சி இல்லாத நாளில் மாட்டுங்கள்.

அப்பா எப்போதும் உட்கார்ந்தே விளையாட வேண்டும். நிற்கவே கூடாது, மேலே காற்றாடி இருக்கிறது, பக்கத்தில் அம்மா ஒருவர்தான். ஹெட்செட்டில் எல்லையை 'ஒரே இடம்' என்று வையுங்கள். பக்கத்தில் மேசை முனை, சுடுதண்ணீர்க் குடுவை எதுவும் இருக்கக்கூடாது.

குவெஸ்ட் 2 எடை 503 கிராம், பாரம் முழுக்க முன்னால்தான். கழுத்து வலிக்கிறது என்றால் தலைக்குப் பின்னால் திருகி இறுக்குகிற பட்டை மாட்டுங்கள். உள்ளே லென்ஸை இடவலமாக நகர்த்தினால் 58, 63, 68 மி.மீ. என்று மூன்று இடத்தில் நிற்கும்; எழுத்து தெளிவாகத் தெரிகிற இடத்தில் விடுங்கள். அப்பா மூக்குக்கண்ணாடி போடுவாரா? சட்டம் 142 மி.மீ. அகலத்துக்குள் இருந்தால் உள்ளே போகும், பெட்டியில் வரும் கறுப்பு இடைச்சட்டத்தை மறக்காமல் போடுங்கள். முகத்தில் படும் நுரைப்பஞ்சு சிலருக்குத் தோல் அரிப்பைக் கொடுத்ததால் 2021இல் சிலிகோன் உறை இலவசமாகத் தந்தார்கள். இரவல் ஹெட்செட்டில் அது இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஒவ்வொரு முறையும் சோப்புத் துணியால் துடைக்கலாம். லென்ஸில் ஸ்பிரிட் போடாதீர்கள், மூக்குக்கண்ணாடி துடைக்கும் உலர்ந்த துணிதான். வாசல் வெயிலில் ஒரு நிமிடம் கூடக் கவிழ்த்து வைக்கக்கூடாது. லென்ஸ் உருப்பெருக்கி மாதிரி வெயிலைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும்.

முதல் நாள் 5 நிமிடம். குமட்டலோ தலைசுற்றலோ இல்லையென்றால் மறுநாள் 8, பிறகு 15இல் நிறுத்துங்கள். நடக்கிற, பறக்கிற, வண்டியோட்டுகிற விளையாட்டு எதுவும் வேண்டாம், குமட்டுவது அதில்தான். உட்கார்ந்த இடத்துக்குப் பொருள் வருகிற மாதிரி இருக்க வேண்டும். மேசைக் காற்றாடியை நேர் எதிரே வைத்து மெதுவாக ஓட விடுங்கள்: முகத்தில் காற்றுப் படுவதால் முன்பக்கம் எது என்று உடம்புக்குத் தெரியும், வியர்வையில் லென்ஸ் மங்குவதும் குறையும். ஹெட்செட்டின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் அறை கறுப்பு வெள்ளையில் தெரியும்படி அமைப்பில் வைக்கலாம். அதை அம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இனி கை. இதில்தான் பலரும் தோற்கிறார்கள். ஹெட்செட்டின் கை கண்டறிதல் விரல்களைக் கேமராவால் பார்க்கிறது. மடங்கிய முட்டியை அது சரியாகக் கையென்று எடுத்துக்கொள்ளாது, கிள்ளுகிற சைகையும் வராது. கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தால் நழுவும். 5 செ.மீ. அகல வெல்குரோ பட்டையால் கன்ட்ரோலரை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டலாம், கீழே மெல்லிய துணி வைத்து. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அவிழ்த்ததும் தோல் சிவந்திருக்கிறதா பாருங்கள். உணர்ச்சி குறைந்த கையில் புண் வந்தாலும் அவருக்கு வலிக்காது. பட்டன் அழுத்தத் தேவையில்லாத, தொட்டாலே உடைகிற விளையாட்டாகப் பார்த்து எடுங்கள். பொருள் வரும் உயரத்தை மார்புக்குக் கீழே வையுங்கள். தோள் இறங்கியவருக்குக் கை தோள் மட்டத்துக்கு மேல் போகக்கூடாது.

விளையாட்டு ஏமாறும், அப்பாவும் ஏமாற்றுவார், தெரிந்து இல்லை. கை நீளவில்லையென்றால் உடம்பையே முன்னால் சாய்த்துப் பொருளைத் தொட்டுவிடுவார். திரையில் மதிப்பெண் ஏறும், முழங்கை ஒரு பாகைகூட நீண்டிருக்காது. பழைய கைலியை நான்காக மடித்து மார்பைச் சுற்றி நாற்காலி முதுகோடு கட்டுங்கள், ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. மூச்சு முட்டக்கூடாது, ஒரு கை நுழையும் தளர்வு. அப்போது முழங்கை வேலை செய்தே ஆக வேண்டும். இது ஒன்றைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஹெட்செட்டுக்குள் அப்பா என்ன பார்க்கிறார் என்று பிசியோவுக்கும் தெரிய வேண்டுமென்றால், டேப்லெட்டில் ஹெட்செட்டின் ஆப்பைப் போட்டு, இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க, 'காஸ்ட்' கொடுங்கள். டேப்லெட்டை அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் நிறுத்தினால் கைப்பேசிக் கேமரா அப்பாவையும் ஆட்டத்தையும் ஒரே சட்டத்தில் காட்டிவிடும். திரைப்பகிர்வு தேவையில்லை.

இன்னொன்று: பல நாள் அணைத்து வைத்திருந்த ஹெட்செட்டைத் திறந்தவுடன் அது புதுப்பிப்பு இறக்க உட்கார்ந்துகொள்ளும். டவுனில் ஃபைபர் உள்ள வீட்டில் வைத்தே புதுப்பித்து, விளையாட்டையும் இறக்கி, எடுத்து வாருங்கள். தோட்டத்து 4ஜியில் அது உங்கள் மாத டேட்டாவை ஒரே நாளில் குடித்துவிடும்.

---

லயத்து_அண்ணன்

இடையில் ஒரு கேள்வி. குலை வெட்டுகிற ஆளுக்கு இடுப்பு வலி, இந்த ஹெட்செட் அதுக்கும் ஆகுமா?

---

ஓடி_கைப்பயிற்சி

அண்ணே, அது வேறு வகை. 2021 நவம்பரில் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு விஆர் முறையை அனுமதித்தது. எட்டு வாரம், தினமும் சில நிமிடம். அதில் இருப்பது மூச்சு, கவனம், வலியை அணுகும் விதம். தசையைப் பலப்படுத்துகிற பயிற்சி இல்லை. கடையில் வாங்கும் ஹெட்செட்டில் அது வராது. நீண்ட கம்பத்தைத் தூக்கி வெட்டுகிறவருக்கு முதலில் நேரில் ஒரு பரிசோதனை வேண்டும், கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் தடைபடுகிறதா என்று. சந்தா கட்டுகிறவரென்றால் மலேசியச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கெசோவின் 'வேலைக்குத் திரும்பும் திட்டம்' பற்றிக் கேட்கச் சொல்லுங்கள், 2007லிருந்து இருக்கிறது.

---

சிப்புட்_மகள்

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு வலிப்பு, பேஸ்மேக்கர் இல்லை. ஆனால் தட்டில் இடப்பக்கச் சோறு மிச்சம் வைக்கிறார். ஓடி சொன்னதைப் படித்த பிறகுதான் கவனித்தோம். அப்படியானால் ஹெட்செட்டை விட்டுவிட வேண்டியதுதானா? விரலுக்கு வேறு ஏதாவது?

---

ஓடி_கைப்பயிற்சி

இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அடுத்த முறை ஈப்போ போகும்போது சோற்று விஷயத்தைச் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள். காகிதத்தில் பத்துப் பதினைந்து கோடு போட்டு நடுவைக் குறிக்கச் சொல்வார்கள், குறி வலப்பக்கம் தள்ளிப் போகிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் தட்டை வலப்பக்கமாகத் தள்ளி வைக்காதீர்கள், இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டி "சிவப்பைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். வீடியோ காலிலும் டேப்லெட்டை நேர் நடுவில் தொடங்கி வாரத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தலாம்.

விரலுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். இராமச்சந்திரன் 1990களில் கை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் வருகிற மாயவலிக்குக் கொண்டுவந்த உத்தி அது. 1999இல் ஸ்ட்ரோக் கைக்கும் முயன்று பார்த்தார்கள். ஒரு வகையில் மின்சாரம் இல்லாத விஆர்தான். 30க்கு 40 செ.மீ. கண்ணாடி, விளிம்பில் நாடா ஒட்டியது. மேசையில் அப்பாவின் மார்புக்கு நேரே நிறுத்தி, பளபளக்கும் பக்கம் வலது கையைப் பார்க்கும்படி வையுங்கள். இடது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும், கீழே துணி. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், இரண்டு கையும் ஒன்றுபோல் இருந்தால்தான் மூளை நம்பும். வலது விரலை மெதுவாக விரித்து மடக்கும்போது கண்ணாடியில் இடது கை விரிவது போலத் தெரியும். பின்னால் இடது கையும் முடிந்த அளவு கூடவே முயல வேண்டும். 15 நிமிடம், வாரம் ஐந்து நாள். கண்ணாடியில் கை இடப்பக்கம் தெரிவதால் அந்தப் பக்கம் பார்க்கிற பழக்கமும் கொஞ்சம் வரும்.

முதல் தடவை வீடியோ காலில், கேமராவை மூன்றாம் இடத்தில் வைத்துச் செய்யுங்கள். கண்ணாடி சாய்ந்திருந்தால் கை வேறு யாருடையதோ மாதிரித் தெரியும், பிசியோ பார்த்து நேராக்கிவிடுவார். கண்ணாடியைச் சுவரோ செங்கல்லோ தாங்க வேண்டும், அம்மா பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். அம்மாவின் கை எண்ணுவதற்குத் தேவைப்படும்.